பின்னத்தில் விட்ட இடம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, ‘திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்’ என்ற பகுதிக்கு 25. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் 300க்கு 37.5 மதிப்பெண் இந்தப் பகுதியில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு இது. கேட்கப்படும் கணக்குகளும் பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மாவட்ட மைய நூலகத்திலோ, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்திலோ உட்கார்ந்து படிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: “கணக்கு நமக்கு வராது சார். தமிழையும் ஜிகேவையும் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டா போதும்.”

போதாது. ஒன்றிரண்டு வினாவில் தரவரிசை எங்கோ போய்விடும் தேர்வு இது. தமிழிலும் பொது அறிவிலும் நன்றாகப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அங்கே கூடுதலாக ஐந்து வினாவைப் பிடிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். கணக்கை இதுவரை தொடாமலே வைத்திருப்பவர் பத்து வினாவைக் கூட்டுவதற்கு அவ்வளவு பாடு பட வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. கணக்கின் விடை சரிதானா என்று தேர்வு அறையிலேயே நீங்களே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்த ஆண்டு, எந்தச் சட்டத்திருத்தம் என்று கேட்கும் வினாவில் அது முடியாது.

பள்ளியில் எங்கோ ஓரிடத்தில் கணக்கைத் தவறவிட்டு, முக்கியமான கணக்குகளை மனப்பாடம் செய்து பத்தாம் வகுப்பைத் தாண்டி, அதன்பிறகு கணக்கே இல்லாத பிரிவில் படித்து, இப்போது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே புத்தகத்தைத் திறப்பவர்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். உங்களுக்கு மூளைக் குறைவு எதுவும் இல்லை. வகுப்பு முன்னே போனபோது நீங்கள் ஒரு படியில் நின்றுவிட்டீர்கள், யாரும் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் படி எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்தப் படி என்று கண்டுபிடியுங்கள்

“எந்தப் பாடம் வரவில்லை?” என்று கேட்டால் “காலமும் வேலையும்”, “கூட்டுவட்டி” என்று பதில் வரும். பெரும்பாலும் அந்தப் பதில் தவறு. ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 18 நாளில் முடிப்பார்; இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? இதில் காலம்–வேலை பற்றித் தெரிய வேண்டியது ஒரே வரி: 12 நாளில் முடிப்பவர் ஒரு நாளில் 1/12 பங்கு முடிப்பார். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் 1/12 + 1/18 என்ற பின்னக் கூட்டல். அந்தக் கூட்டல் வராதவர் காலம்–வேலைப் பாடத்தை எத்தனை முறை காணொளியில் பார்த்தாலும் அங்கேயேதான் நிற்பார்.

ஆகவே தேர்வுப் பாடத்திட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, கீழே இருக்கும் பத்தையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கைப்பேசி பக்கத்தில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

1) 7 × 8
2) 1003 − 467
3) 4235 ÷ 7
4) 18 − 6 ÷ 3 × 2 + 4
5) −7 + 3
6) 0.6 × 0.4
7) 1/2 + 1/3
8) 6 ÷ 3/4
9) 450இல் 12%
10) ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி 7ஐக் கழித்தால் 20 வருகிறது, அந்த எண் எது?

விடைகள்: 56, 536, 605, 18, −4, 0.24, 5/6, 8, 54, 9.

வரிசையில் முதலில் எங்கே தவறினீர்களோ அங்கேதான் நீங்கள் தொடங்க வேண்டும். ஒன்பதாவதும் ஏழாவதும் தவறு என்றால் ஏழாவதிலிருந்து தொடங்குங்கள். ஒன்பது பின்னாலேயே சரியாகிவிடும். சரியாகப் போட்டும் நேரம் இழுத்தது என்றால் அதையும் விட்ட இடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 7 × 8க்கு விரல் விட்டு எண்ணுகிறவருக்கு, பெரிய கணக்கின் நடுவே அது வரும்போது, எதற்காகப் பெருக்கத் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்.

மூன்றாவது கணக்கில் நிறையப் பேர் 65 என்று எழுதுவார்கள். 42இல் 7 ஆறு முறை. 3ஐ இறக்கினால் 7 போகாது. உடனே 5ஐயும் இறக்கி, 35இல் ஐந்து முறை. போகாத இடத்தில் ஒரு பூச்சியம் போட வேண்டும் என்பதை நான்காம் வகுப்பில் எங்கோ விட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சியம் இல்லாமலே பட்டப்படிப்புவரை வந்துவிட முடிகிறது. ஆனால் தேர்வில் நான்கு விடைகளில் 65 ஒன்றாக இருக்கும். வினா தயாரிப்பவருக்கு அந்தத் தவறு நன்றாகவே தெரியும்.

இதற்கு மருந்து வகுத்தல் விதியை மறுபடி மனப்பாடம் செய்வதில் இல்லை. கணக்கைத் தொடும் முன்பே விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று ஒரு நொடி யோசியுங்கள். 7 × 600 = 4200. அப்படியானால் விடை 600ஐ ஒட்டித்தான் இருக்க முடியும். 65 எப்படி வரும்? ஆறாவதிலும் இதுவே. 0.6ஐ ஒன்றுக்கும் குறைவான எண்ணால் பெருக்கினால் 0.6ஐ விடக் குறைவாகத்தான் கிடைக்கும், 2.4 வராது. இந்த உத்தேசப் பழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் வைப்பேன்.

நான்காவதில் 10 என்று எழுதியிருந்தால் போட்மாஸ் விதியை எழுத்து வரிசையாக மட்டும் மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்; 21 என்றால் வகுத்தலுக்கு முன் பெருக்கலைச் செய்திருக்கிறீர்கள். வகுத்தலும் பெருக்கலும் சம உரிமை உள்ளவை. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அப்படியே. 6 ÷ 3 = 2, 2 × 2 = 4, பிறகு 18 − 4 + 4 = 18.

வாய்பாடு

வாய்பாடு என்றவுடன் பலருக்குப் பழைய பயம் திரும்பி வருகிறது. உண்மையில் உங்களுக்குத் தெரியாதது மிகக் கொஞ்சம். 2, 5, 10 வாய்பாடுகள் எல்லோருக்கும் வரும். 3ம் 4ம் கொஞ்சம் யோசித்தால் வந்துவிடும். 7 × 8 தெரிந்தால் 8 × 7 தனியாகப் படிக்கத் தேவையில்லை. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் 6, 7, 8, 9 நான்கும் தங்களுக்குள் பெருக்கிக்கொள்ளும் பத்துப் பெருக்கல்தான் மிஞ்சும்: 36, 42, 48, 54, 49, 56, 63, 64, 72, 81. இந்தப் பத்தையும் ஒரு வாரத்தில் எவரும் பிடித்துவிடலாம். வரிசையாக ஒப்பிக்காமல் கலைத்துப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதைவிட நல்ல துணை கிடைக்காது. பிறகு 25 வரை வர்க்கங்கள், 10 வரை கனங்கள். எண் வரிசை வினாக்களில் இவை நேராகவே வரும்.

பின்னம்

இங்கே நிதானமாக நில்லுங்கள். கணக்கை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் விட்ட இடம் பின்னம்தான் என்பது என் அனுபவம். விகிதம், விழுக்காடு, வட்டி, காலம்–வேலை எல்லாம் பின்னத்தின் மேல் நிற்கின்றன. திண்ணைப் பள்ளிக் காலத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகள் முழு எண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாட்டையும் மனப்பாடமாகச் சொன்னார்கள்; காணியும் மாவும் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம். நமக்கு அது பள்ளியில் சில வாரப் பாடமாகச் சுருங்கிப்போனது.

1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது மிகவும் பரவலான தவறு. மேலே இருப்பதைக் கூட்டி, கீழே இருப்பதைக் கூட்டிவிடுகிறார்கள். உத்தேசம் பார்த்தால் உடனே பிடிபடும்: 2/5 என்பது பாதிக்கும் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதிக்கும் குறைவாக எப்படி ஆகும்?

ஒரு காகிதப் பட்டையை எடுத்து ஆறு சம கட்டமாகக் கோடு போடுங்கள். அதில் பாதி, 3 கட்டம். மூன்றில் ஒரு பங்கு, 2 கட்டம். சேர்த்தால் 5 கட்டம், அதாவது 5/6. ஏன் ஆறு கட்டம்? இரண்டாகவும் மூன்றாகவும் மிச்சமில்லாமல் பிரிக்கக்கூடிய மிகச் சிறிய எண் அது. மீச்சிறு பொது மடங்கு, மீ.சி.ம. என்று நாம் பயந்துகொண்டே படித்தது இதைத்தான். இரண்டு பின்னத்தையும் ஒரே அளவுள்ள கட்டங்களில் எண்ணுவதற்கு எத்தனை கட்டம் போட வேண்டும் என்று அது சொல்கிறது.

இப்போது விட்டுவந்த கணக்குக்குத் திரும்பலாம். 12க்கும் 18க்கும் மீ.சி.ம. 36. மொத்த வேலையை 36 கட்டமாக வைத்துக்கொண்டால், 12 நாள்காரர் ஒரு நாளில் 3 கட்டம், 18 நாள்காரர் 2 கட்டம், சேர்ந்து 5 கட்டம். 36 ÷ 5 = 7 1/5 நாள். பயிற்சி மையங்களில் ‘எல்சிஎம் மெத்தட்’ என்று தனியாகச் சொல்லித் தருவது இந்தப் பின்னக் கூட்டலையேதான். வேறு வித்தை எதுவும் அதில் இல்லை.

பின்ன வகுத்தலுக்கு ‘திருப்பிப் போட்டுப் பெருக்கு’ என்ற விதி எல்லோருக்கும் தெரியும். ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டால் தெரியாது. அதனால் எதைத் திருப்புவது என்பதும் நேரத்துக்கு மறந்துபோகும். 6 லிட்டர் எண்ணெயை முக்கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? கால் லிட்டராக எண்ணினால் 6 லிட்டர் 24 கால். ஒரு பாட்டிலுக்கு 3 கால். ஆக 8 பாட்டில். நான்கால் பெருக்கினோம், மூன்றால் வகுத்தோம், அதாவது 4/3ஆல் பெருக்கினோம். எத்தனை முக்கால் இருக்கிறது என்று கேட்பதால் திரும்ப வேண்டியது அந்த முக்கால்தான்.

இதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். மூன்று வாரம் ஆனாலும் பாதகமில்லை. பின்னத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்டு விழுக்காட்டுக்குப் போகாதீர்கள்.

விழுக்காடு

பின்னம் கைவந்தவருக்கு விழுக்காடு புதிய பாடமே இல்லை. 25% என்றால் கால், 20% என்றால் ஐந்தில் ஒன்று, 12½% என்றால் எட்டில் ஒன்று, 33⅓% என்றால் மூன்றில் ஒன்று, 16⅔% என்றால் ஆறில் ஒன்று. 640இல் 12½% எவ்வளவு என்று கேட்டால் 80 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பின்னமாக மாறாத எண் வந்தால் பத்துப் பத்தாகப் பிரியுங்கள்: 450இல் 10% என்றால் 45, 1% என்றால் 4.5, 2% என்றால் 9. ஆக 12% என்றால் 54.

விழுக்காட்டில் சறுக்குவது பெருக்கலால் அல்ல, ‘எதில்?’ என்று கேட்காமல் விடுவதால். 500 ரூபாய்ச் சேலையின் விலையை 20% ஏற்றிப் பிறகு 20% இறக்கினால் பழைய விலைக்கு வந்துவிடும் என்று தோன்றும். ஏற்றியது 500இல், 600 ஆயிற்று. இறக்கியது 600இல், 120 போய் 480. லாபமும் நட்டமும் வாங்கிய விலையில் கணக்கிடப்படும். தள்ளுபடி குறித்த விலையில் கணக்கிடப்படும். ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் பக்கத்தில் ‘எதில்’ என்று பென்சிலால் எழுதிப் பழகுங்கள். தேர்வு அறையிலும் எழுதுங்கள், அதற்கு ஆகும் இரண்டு நொடி வீணில்லை.

வட்டி

மகளிர் சுயஉதவிக் குழுவில் பல வருடமாகக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். தனிவட்டி வினா ஒன்றைப் பலகையில் எழுதினேன்: அசல் 15,000 ரூபாய், ஆண்டு வட்டி 24%, ஓராண்டுக்கு வட்டி என்ன? பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“அக்கா, பதினஞ்சாயிரம் ரூபாய்க்கு நூத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் எவ்வளவு வரும்?”

“முந்நூறு சார்.”

“வருஷத்துக்கு?”

“மூவாயிரத்து அறுநூறு. இதுவும் அதுவும் ஒண்ணா சார்?”

ஒன்றுதான். மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24%. சந்தையிலும் சீட்டிலும் வாய்க்கணக்காக நாள்தோறும் செய்வதுதான் வினாத்தாளில் அசல், வட்டி வீதம், காலம் என்று சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. கணக்கு வராது என்று சொல்லும் பெண்கள் பலர் வீட்டுச் செலவிலும் நகைக் கடனிலும் பைசா பிசகாமல் கணக்குப் போடுகிறவர்கள். அந்தத் திறமையைத் தாளுக்குக் கொண்டுவந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளியே வட்டி என்றால் மாத வட்டி, தேர்வில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஆண்டு வட்டி.

கூட்டுவட்டியையும் சூத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். 10,000 ரூபாய், 10%, இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு வட்டி 1,000. இரண்டாம் ஆண்டு அசலுக்கு மறுபடி 1,000, முதலாண்டு வட்டிக்கு 10% ஆக 100. மொத்தம் 2,100. தனிவட்டி என்றால் 2,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 100 ரூபாய், வட்டிக்குப் போட்ட வட்டி. ‘கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் என்ன’ என்ற பழக்கமான வினாவுக்கு இதற்கு மேல் சூத்திரம் தேவையில்லை.

குறுக்குவழிகள் எப்போது

யூடியூபில் ‘ஐந்து நொடியில் விடை’ என்று எத்தனையோ காணொளிகள். அவற்றைச் செய்பவர்களில் நல்ல ஆசிரியர்கள் உண்டு. ஆனால் அடிப்படை விட்டுப்போனவர் அவற்றோடு தொடங்குவதை நான் உறுதியாகத் தடுப்பேன். இருவர் சேர்ந்து செய்யும் வேலைக்கு ‘பெருக்கிக் கூட்டலால் வகு’ என்பது பிரபலமான குறுக்குவழி: 12 × 18 = 216, 12 + 18 = 30, விடை 7.2. சரிதான். அதே வினாவில், இருவரும் சேர்ந்து மூன்று நாள் வேலை செய்த பிறகு முதலாமவர் நின்றுவிட்டார், மீதியை மற்றவர் எத்தனை நாளில் முடிப்பார் என்று ஒரு வரி சேர்த்தால் குறுக்குவழி கைவிட்டுவிடும். 36 கட்டமாகப் பார்த்தவருக்குச் சிரமமே இல்லை: மூன்று நாளில் 15 கட்டம் போயிற்று, மீதி 21, நாளுக்கு 2 கட்டம், பத்தரை நாள். நீண்ட வழியில் இருபது கணக்காவது தவறில்லாமல் போட்ட பிறகு குறுக்குவழியைப் படியுங்கள். அப்போது அது ஏன் சரியாகிறது என்று உங்களுக்கே தெரியும், மறக்கவும் செய்யாது.

மற்றவை

மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீ.சி.ம. வினாக்களில் எது எதற்கு என்று தெரிந்தால் போதும். 6, 8, 12 விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் மூன்று மணிகள் மறுபடி எப்போது சேர்ந்து அடிக்கும் என்றால் பின்னால் வரப்போகும் பொது நேரம், மீ.சி.ம., 24 விநாடி. 36 மாணவர்களையும் 48 மாணவிகளையும் கலக்காமல், மிச்சமில்லாமல், சம அளவுள்ள மிகப் பெரிய குழுக்களாகப் பிரி என்றால் மீ.பெ.கா., குழுவுக்கு 12 பேர். பரப்பளவிலும் கனஅளவிலும் பாதித் தவறுகள் அலகால் வருபவை: ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர சென்டிமீட்டர், ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். பகடை, புதிர், எழுத்து வரிசை ஆகியவற்றுக்கு அடிப்படைக் கணக்கு அதிகம் தேவையில்லை. முந்தைய வினாத்தாள்களைப் போட்டுப் பழகினாலே பிடிபடும். கணக்கு பயமாக இருக்கும் ஆரம்ப நாட்களில் தினமும் கடைசிப் பத்து நிமிடம் இவற்றைச் செய்யுங்கள், மனம் விட்டுப்போகாது.

எந்தப் புத்தகம்

தனியார் வழிகாட்டிகளுக்கு முன் தமிழ்நாடு அரசின் பள்ளிப் பாடநூல்களை எடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018 முதல் வந்த பாடத்திட்டப் புத்தகங்களில் மீ.பெ.கா.வும் மீ.சி.ம.வும் ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில், பின்னங்கள் மூன்றாம் பருவத்தில், சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் உள்ளன. கூட்டுவட்டி, காலமும் வேலையும் எட்டாம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’ இயலில் வருகின்றன. சோதனையில் முதல் மூன்றில் தவறியவர்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே வர வேண்டும்.

நூலகத்தில் ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குச் செய்தித்தாளால் அட்டை போட்டு மறைத்துக்கொண்டு படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே புத்தகம் தேவைப்படும். நீங்கள் திறந்து வைத்தால் அவரும் திறப்பார்.

தினமும் முக்கால் மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதில் பயனில்லை. தீர்வைப் பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கை மறுநாள் காலையில் தீர்வைப் பார்க்காமல் திரும்பப் போடுங்கள். பார்க்கும்போது எல்லாம் எளிதாகத்தான் இருக்கும். வெற்றுத்தாளில் வந்தால்தான் வந்தது.

தவறிய கணக்குகளுக்கென்று ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எங்கே தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள்: ‘வகுத்தலில் பூச்சியம் விட்டேன்’, ‘விழுக்காடு எதில் என்று பார்க்கவில்லை’, ‘ஆண்டு வட்டியை மாதமாக எடுத்தேன்’, ‘வினாவைச் சரியாகப் படிக்கவில்லை’. ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதில் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு மாதம் போனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். அந்த வரி எந்த வகுப்புப் புத்தகத்தைச் சொல்கிறதோ அதைத் திறந்து, அந்தப் பயிற்சியை முழுவதும் போடுங்கள்.

பின்னமும் விழுக்காடும் முடிந்த பிறகு, தேர்வாணைய இணையதளத்திலிருந்து பழைய குரூப் 4 வினாத்தாளை எடுத்து அதன் 25 வினாக்களை மட்டும் போடுங்கள். முதல் முறை கடிகாரம் வேண்டாம். எத்தனை சரி என்று எண்ணுவதற்கு முன், தவறிய ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள்: வழி தெரியாமல் தவறியதா, வழி தெரிந்தும் கூட்டல் பெருக்கலில் தவறியதா? இரண்டாவது வகை கூடுதலாக இருந்தால் அடுத்த வினாத்தாளுக்குப் போகாதீர்கள். வாய்பாட்டுக்கும் பின்னத்துக்கும் ஒரு வாரம் திரும்பிப் போய்விட்டு, அதே வினாத்தாளை மறுபடி எடுங்கள்.